கேட்பதற்கு முன்பே பதில்

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு சின்ன கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். தொழிற்சாலைகளுக்குப் புதிதாக எடுத்த ஆட்களுக்கு அங்கே கம்ப்யூட்டர் பழக்குவார்கள். ஒரு கூட்டம் பழகிவிட்டுப் போனதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் புதிதாகப் போட வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் கையால் தொடக்கூடியவை இல்லை. உள்ளறையில் ஒரு பெரிய மெஷின் இருந்தது. அதற்குள்ளேயே பல கம்ப்யூட்டர்களை உண்டாக்குவார்கள். திரையில் ஒவ்வொன்றும் ஒரு கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்திலும் சிஸ்டம் ஏற்ற வேண்டும். ஏறும்போது நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த ஊர் நேரம், எந்த டிஸ்க், சம்மதமா என்று. பதில் சொல்லாவிட்டால் அப்படியே நிற்கும். இன்ஜினியர்கள் டீக்குப் போய் வரும்வரை நின்றுகொண்டிருக்கும்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"துடைப்பத்த வெச்சுட்டு இப்படி வந்து உக்காருங்கம்மா. இது வந்தா இத அமுக்கணும். வேற ஒண்ணுமில்ல."

ஒரு இன்ஜினியர் ஒருமுறை போட்டுக் காட்டினார். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இங்கிலீஷை உருவமாக அடையாளம் வைத்துக்கொண்டேன். துடைக்க வேறொருத்தியைப் போட்டார்கள். "என்னா மேடம், சிஸ்டம் ஏறிடுச்சா?" என்று இன்ஜினியர்கள் கேட்பார்கள். கேலிதான். நான் திருத்தவில்லை. போச்சம்பள்ளியில் இருக்கும் தங்கையிடம், ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லியிருந்தேன்.

சில வருஷம் கழித்து அத்திப்பள்ளியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற ஒரு பெண் இன்ஜினியராகச் சேர்ந்தாள். வீட்டில் கன்னடம். தமிழ் பேசும்போதும் அது எட்டிப் பார்க்கும். கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் மெஷின் அதைப் படித்துத் தானே ஏற்றிக்கொள்ளும், ஆள் உட்கார வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நாற்காலி போனால் எனக்குத் துடைப்பம்தான். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போடறத அப்படியே காட்டுங்கம்மா."

காட்டினேன். ஊர் நேரம் வந்தது. தேர்ந்தெடுத்து அமுக்கி, அடுத்த பக்கம் வந்ததும் ஒரு பக்கம் பின்னே போய், மறுபடி முன்னே வந்தேன்.

"அய்யோ, எதுக்கு பின்னாடி போறீங்க?"

"அப்படித்தான் போடணும்."

"யாரு சொன்னது?"

"சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் போனாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவரு கை தவறிப் போயிருப்பாரும்மா. அது தேவையே இல்ல."

இத்தனை வருஷமும் ஒரு கட்டம் விடாமல் நான் பின்னே போய் முன்னே வந்திருக்கிறேன். "சரி, அத எழுதாத" என்றேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மீதியையும் ஒன்றுவிடாமல் காட்டினேன்.

ஓட்டிப் பார்த்த அன்று எல்லாக் கட்டங்களையும் ஒரே சமயத்தில் தொடங்கினாள். கேள்விப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக் கோடு மட்டும் நகர்ந்தது. என் கை மேஜைமேல் இருந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. ஒரே ஒரு கட்டம் நின்றது. அதற்கு இரண்டு டிஸ்க் கொடுத்திருந்தார்கள். எதில் ஏறுவது என்று கேட்டது.

"அம்மா, அத மட்டும் அமுக்கி விடுங்க."

"நீயே அமுக்கு."

அமுக்கினாள். பிறகு ஃபைலில் ஒரு வரி சேர்த்தாள். மறுமுறை அதுவும் நிற்கவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "பழையபடி ஹவுஸ்கீப்பிங் பாருங்கம்மா. சம்பளம் கொறைக்க மாட்டேன்."

"துடைப்பத்த எடுக்க மாட்டேங்க. நாளையிலிருந்து வரல."

"கோவப்படாதீங்க."

"கோவமில்லீங்க."

உண்மையாகவே இல்லை. இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

அந்தப் பெண் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். "என்மேல பேஜாராம்மா, வருத்தமா?" என்றாள்.

"உன் பஸ்ஸு வருது பாரு, ஓடு" என்றேன். ஓடினாள்.

இப்போது ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறேன். பழுத்தது ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில், பாதி பழுத்த காய்வெட்டு இன்னொரு கிரேட்டில், அடிபட்டது கீழே. கவிழ்த்துப் போட்ட கிரேட்டின்மேல் உட்கார்ந்துதான் வேலை. எதிரில் உட்காருகிறவள் தெலுங்குக்காரி, வாய் ஓயாது. முன்னே என்ன வேலை பார்த்தேன் என்று ஒரு நாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல."

"அட, அக்கா! கம்ப்யூட்டர்ல என்னா பண்ணீங்க?"

"அது கேட்டதுக்கு பதில் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு வுட்டீங்க?"

"கேக்கறத நிறுத்திடுச்சு."

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த கிரேட்டை என் பக்கம் தள்ளினாள். பாதிக்கு மேல் அடிபட்ட பழம்.