நடுவில் நெளிந்த கோடு

என் மனைவி சேலைக்கு டிசைன் போடுகிறவள். முந்தியில் ஒரு மயில் வரவேண்டுமென்றால், முதலில் அது அவளுடைய கம்ப்யூட்டர் திரையில், எறும்பளவு கட்டங்களில் வந்து உட்காரவேண்டும். ஒரு கட்டம் நிரம்பினால் தறியில் ஓர் இழை மேலே எழும். ஒரு கட்டம் தவறினால் மயிலின் கழுத்து கோணும். அத்தனை கட்டங்களில் தவறிய ஒன்றை, கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அதனால்தான், ஆடி மாதத்தில் ஒரு நாள் "கோடுங்க நடுவுல நெளியுதுங்க" என்று அவள் சொன்னபோது, எனக்கு எல்லாம் நேராகத் தெரிந்தும், திரையைச் சந்தேகித்தேன். என் கண்ணைக்கூடச் சந்தேகித்தேன். அவள் கண்ணை இல்லை.

ஒயரை மாற்றினேன். நெளிந்தது. மைத்துனர் வீட்டு மானிட்டரைத் தூக்கிவந்து வைத்தேன். நெளிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கார்டுதான் சார் போயிருக்கும்" என்று புது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விசிறி இறக்கைகளில் பட்டுப் பிசிறு, மஞ்சளும் அரக்குமாய். ஊதித் துடைத்து, பழைய கார்டைப் பிடுங்கி, புதியதை அழுத்தி உட்காரவைத்தேன். விசிறி சுற்றியது. திரை இருட்டு. பாய்க்குப் போன் போட்டேன்.

"ஒயரு எங்க சார் குத்தினீங்க?"

"பின்னாடிதான் பாய்."

"பின்னாடின்னா மேலயா, கீழயா?"

"மேல."

"அது போர்டோட ஓட்டை சார். கீழ, புது கார்டுல குத்துங்க. மாப்பிள்ளைய ஊட்ல குந்த வெச்சிட்டு, பொண்ண பக்கத்து ஊட்ல தேடிக்கினு இருந்தா எப்படி?"

பக்கத்தில் நின்றிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதில் பயமே இல்லை.

ஒயரை மாற்றிக் குத்தியதும் வெளிச்சம் வந்தது. படங்கள் தட்டுத் தட்டாய்ப் பெருத்து, மங்கி. கார்டுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றியபின் எல்லாம் சுருங்கித் தெளிந்து தத்தம் இடத்தில் அமர்ந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்றிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பாதியில் நின்ற மாங்காய் பார்டரைத் திறந்தாள். பார்த்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னா?"

"நெளியுதுங்க."

"நல்லா பாரும்மா. இப்பதானே புதுசு போட்டேன்."

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

நான் மறுபடி ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அலமாரிக்குப் போய், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கையால் டிசைன் போட வைத்திருந்த கட்டத்தாள் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. இந்தா பாருங்க, நேருன்னா இப்படி..."

பாதியில் நின்றாள். தாளை முகத்தருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். உள்ளங்கையால் இடக்கண்ணை மூடினாள். பிறகு வலக்கண்ணை. மறுபடி இடக்கண்ணை.

தாளை மெல்ல கீபோர்டின் மேல் வைத்தாள்.

"பேப்பருக்கு எந்தக் கார்டுங்க மாத்துவீங்க?"

சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் முதலில் அவளிடம் நீட்டியதும் ஒரு கட்டம் போட்ட அட்டைதான். நடுவில் ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலக்கண்ணின் விழித்திரையில் நீர் கசிகிறது என்றார்கள். ஊசி போட்டு மேலும் போகாமல் காக்கப் பார்க்கலாம். நெளிந்தது நேராகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நான் கொடுத்திருந்த பழைய கார்டைச் சோதித்துவிட்டு பாய் போன் செய்தார். "இது நல்லாதான் சார் இருக்குது."

"தெரியும் பாய்" என்றேன்.

இப்போதும் டிசைன் போடுகிறாள். வலக்கையில் மவுஸ், இடக்கையால் வலக்கண்ணைப் பொத்தியபடி. முன்பெல்லாம் நான் பின்னால் வந்து நின்றாலே "நிழலு விழுது, தள்ளுங்க" என்பாள். இப்போது அவளே கூப்பிடுகிறாள்.

"நேரா இருக்குதாங்க?"

குனிந்து பார்க்கிறேன். "நேராதான்மா இருக்குது."

தலையாட்டுகிறாள். ஆனால் நம்புவதில்லை. நான் நகர்ந்ததும், முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்குகிறாள்.