டீக்கடையில் வீங்கிய கை

போன வியாழக்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

என் மனைவி அடைக்கலமேரி அரசாங்க நர்ஸ். மழைக்குப் பிறகு விக்கிரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாந்திபேதி தலைகாட்டியிருந்தது. சனிக்கிழமை அங்கே காலரா ஊசி கேம்ப். ஊருக்குப் போடுகிறவர்கள் முதலில் தாங்கள் போட்டுக்கொள்வது வழக்கம். புதன்கிழமை இவளும் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே காய்ச்சல். இடது கை வீங்கி, தலை பின்னக்கூடத் தூக்க முடியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கேம்ப் முடியட்டும்" என்றாள்.

சரி என்றேன். நான் எத்தனை 'சரி' சொன்னவன்...

மறுநாள் காலை டீக்கடைக்காரர் கேட்டார். "என்ன சார், வூட்ல இன்னும் சமையல் ஆகலியா?"

வாய் சும்மா இருக்குமா? "ஊருக்கே ஊசி போடப் போறவ, ஒரு ஊசிக்கே சுருண்டு கெடக்கறா. கை பூசணிக்காயாட்டம் ஆயிடுச்சு" என்றேன். கடையே சிரித்தது. அங்கே பால் கேனோடு நின்று சிரித்தவர்கள் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

நான் அரியலூரில் பள்ளி வாத்தியார், சனிக்கிழமை விடுமுறை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு வேறு!

கேம்ப் நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரைத் தவிர ஒரு ஆள் இல்லை. நேரம் போனது. வெயில் ஏறியது. கடைசியில், கடலை பறிக்கப் போகிற வழியில் ஒரு அம்மாள் மட்டும் வாசலில் நின்றாள்.

"நர்சம்மா, டவுன்ல ஒரு வாத்தியார் பொண்டாட்டி இந்த ஊசியப் போட்டு கை அழுவிப் போச்சாமே? பொழைக்கறதே கஷ்டம்னு அவரே டீக்கடையில சொன்னாராம்."

மேரி திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

"அது நான்தாங்க" என்றாள். அதற்குள் வேலிப் பக்கம் இன்னும் சிலர், ஆண்களும்தான், வந்து நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் முந்தானையை ஒதுக்கி, ஜாக்கெட் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. வீட்டில் என்னிடம்கூடச் சேலையால் மூடியே வைத்திருந்த கை அது. நான் ஹெட்மாஸ்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காய்ச்சல் வந்துச்சு, வலி இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் வரலாம். ரெண்டு மூணு நாள்ல போயிடும். வாந்திபேதி வந்தா அப்படிப் போவாதுங்க."

"படுத்துட்டா கூலி யாரு குடுப்பா?"

"இன்னிக்கு வேலைய முடிச்சுட்டு வாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, படுத்துக்கலாம். எந்நேரமானாலும் நான் இங்கதான் இருப்பேன்."

அந்த அம்மாள் யோசித்தாள். பிறகு என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு."

"இவரு போட்டுக்கிட்டாரா?"

ஹெட்மாஸ்டர் கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேரி ஊசியை எடுத்தாள். கொஞ்சம் அழுத்தியே குத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரிதான் போட்டாள். அதுதான் வலித்தது.

சாயங்காலம் வயலிலிருந்து கூட்டம் வந்தது. அந்த அம்மாள்தான் முன்னால் நின்றாள்.

எனக்கு அன்றைக்கே காய்ச்சல். நான் போட்ட முனகலில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடச் சகாக்கள் ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். டீக்கடைக்காரர் பிளாஸ்கில் பால் கொடுத்தனுப்பினார். "நர்சம்மா வூட்டுக்காரருக்கே காய்ச்சலாம், பாவம்" என்று ஊரெல்லாம் ஒரே விசாரிப்பு. யாரும் சிரிக்கவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் மேரி காபி போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கஞ்சி வைத்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் அடுத்த ஊர் கேம்ப்புக்கு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் கை எப்படி இருக்கிறது என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்... இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை.