எள்ளுக்குத் தண்ணீர்

கண்டித் தோட்டத்தில் இருபது வருஷம் தேயிலை பறித்துவிட்டு ஊர் திரும்பிய சவரியப்பன், ஆவூரில் யாருக்கு என்ன குறை என்று தேடிப்பிடித்து உதவுகிறவர். கேட்டு உதவுகிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில், பக்கத்துக் கொல்லையில் பொன்னுத்தாயின் எள்ளுச்செடிகள் பழுத்து இலை உதிர்ப்பதைப் பார்த்தார். அவள் இலுப்பூர்ச் சந்தைக்குப் போயிருந்தாள். புருஷன் இல்லாதவள், பயிர் காய்கிறதே என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. தன் கிணற்றுக் கமலையில் மாட்டைக் கட்டி, மத்தியானம் வரை தண்ணீர் இறைத்துப் பாய்ச்சினார்.

சந்தையிலிருந்து வந்தவள் வரப்பிலேயே கூடையைப் போட்டாள்.

"அண்ணே! நாளைக்கு அறுக்கப்போற எள்ளுண்ணே இது! வெளஞ்ச செடிக்கு யாராச்சும் தண்ணி விடுவாங்களா? எல்லாம் அழுகிப்போகுமே!"

"நல்லது நெனச்சுத்தான் தாயி பாய்ச்சினேன்..."

அவள் உட்கார்ந்து அழுதாள். சவரியப்பனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேரே மாதா கோயிலுக்கு ஓடினார். பங்குச் சாமியார் தோட்டத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "ஆண்டவர் மனசத்தானே சாமி பாப்பாரு?" என்று கேட்டார்.

"பாப்பாரு. ஒன் மனசு நல்ல மனசுதான். ஆனா அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எள்ளுதானே? இங்கிட்டு நின்னு எங்கிட்டப் பேசுற நேரத்துல அங்கிட்டுத் தண்ணி ஊறிக்கிட்டு இருக்கு. ஓடு!"

ஆறுதல் தேடிப் போனவர் மண்வெட்டியோடு திரும்பினார். இந்தத் தடவை வரப்போரம் நின்று, "என்ன செய்யணும்னு நீயே சொல்லு தாயி, அதுபடி செய்யுறேன்" என்றார்.

பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவர் வடிகால் வெட்டினார். அவர் மனைவி மதலேனம்மாளும் வந்து சேர, மூவருமாகச் செடிகளை அறுத்து, தலைச்சுமையாகப் பாறைக்குக் கொண்டுபோய்க் காய நிறுத்தினார்கள். நாலு நாள் நல்ல வெயில். முக்கால்வாசி எள் தப்பியது. மிச்சத்துக்கு ஈடாகத் தன் வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் கட்டினார்.

"ஆடு வேணுமான்னு கேட்டீங்களாண்ணே?"

சவரியப்பன் திருதிருவென்று விழித்தார். "வேணுமா?"

"வேணும்தான்" என்று சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் கேட்காமல் எதையும் தொட்டதில்லை. முதலில் ஊர் கேலி செய்தது. பிறகு விதைப்போ கூரை வேய்வதோ, அவரைத்தான் கூப்பிட்டது. அறுபத்தொன்றில் பொன்னுத்தாய் மகளுக்குக் கோயிலில் கல்யாண மந்திரிப்பு நடந்தபோது, பந்திப் பொறுப்பு முழுக்க அவர் கையில். இலை இலையாகக் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டுக்கேட்டே போட்டார். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா அலுத்துக்கொண்டார்:

"கேட்டது போதும், போடுங்கய்யா!"