இடது முன்சில்லுக்குக் கீழே ஒரு குரும்பட்டி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிற ஆள் நான். பாரிசின் லா சப்பலில் என்னைத் தெரிந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் பிரெஞ்சுக்காரனின் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறேன். நெருப்புச் சுடும், கத்தி வெட்டும், எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று ஆண்கள். மூத்தவன் நான், முந்தியே பாரிசுக்கு வந்துவிட்டேன். நடுவிலான் ராசன் வன்னியில் ட்ராக்டர் ஓட்டினான். கடைக்குட்டி ஈசன் அவனுக்குப் பின்னாலேயே திரிந்தவன். 2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், சனங்களின் சாமான் ஏற்றிக்கொண்டு போன ராசன் திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி அம்மா இன்றுவரை திவசம் செய்ய விடவில்லை. ஈசன் எப்படியோ தப்பி, இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தான். அன்றைக்கு அம்மா போனில் அழுதபடி ஒன்றுதான் கேட்டா. "இவனையாவது பத்திரமாப் பாத்துக்கொள் மோனை."

நான் பத்திரமாகப் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். ஈசனுக்கு லெ பிளாங்-மெனிலில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலை கிடைத்தது. அந்த முதலாளியிடம் ஸ்பிரிண்ட் கார் ஒன்று இருந்தது. கார் என்று சொல்லுகிறார்களே தவிர, நாலு சில்லு, ஒரு கம்பிக்கூடு, பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் எஞ்சின், அவ்வளவுதான். மண் பாதையில் பதினைந்து பேர் ஆளுக்கொன்றில் ஏறி ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். முதலாளி இவனை ஓட்டிப் பார்க்கச் சொல்ல, இவன் ஓட்டிப் பார்க்க, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளை வீட்டில் காணக் கிடைக்கவில்லை. எனக்கு விசர் பிடித்தது. "ஷெல்லுக்குத் தப்பி வந்த நீ, இஞ்சை வந்து விளையாட்டுக்குச் சாகப்போறியோ?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவனும் நானும் கதைக்கவில்லை.

அந்த வருடத்துப் பெரிய போட்டி வந்தது. பாரிசிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில், பழைய கல்லுக்குழி ஒன்றுக்குள் வெட்டிய மண் பாதை. அந்த ஊர்க்காரரின் தாத்தாமார் காலத்திலிருந்தே அங்கே ஓடுகிறார்களாம். என் மனுசி வதனிதான் பிடித்துத் தள்ளினாள். "இஞ்சாருங்கோ, கோவத்தைப் பிறகு பாக்கலாம், போய்ப் பக்கத்திலை நில்லுங்கோ" என்று சொல்லி, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ காயில் வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்தெடுத்த நாலு தேசிக்காயைப் பையில் போட்டுத் தந்தாள். "வெளிக்கிட முதல் நாலு சில்லுக்கும் வைச்சு விடுங்கோ, மறந்திடாதேங்கோ." புது வாகனம் எடுத்தால் எலுமிச்சையைச் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்கிறது எங்கள் வழக்கம்தானே. ஈசனுக்கும் போனில் சொல்லிவிட்டாள்.

போய்ப் பார்த்தால் சரிவு முழுக்கச் சனம், மெர்கேஸ் சொசேஜ் சுடுகிற புகை, காதை அடைக்கிற எஞ்சின் சத்தம். பாதை முழுக்க மஞ்சள் களிமண். அம்மியில் அரைத்தெடுத்த மஞ்சளைப்போலவே இருந்தது, அதற்குமேல் தண்ணீர் வேறு அடித்து வைத்திருந்தார்கள். ஈசனைக் கண்டதும் கோபமெல்லாம் போய்விட்டது, கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஆனால் காரைச் சுற்றி முதலாளியும் அவருடைய ஆட்களும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் குனிந்து சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானோ நம்பாத ஆள், பிறகென்ன. ஜக்கெற் பொக்கெற்றுக்குள் அப்படியே வைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டங்களில் நன்றாகத்தான் ஓடினான், இறுதி ஓட்டத்தில் முன்வரிசையில் உள்பக்க இடம் கிடைத்தது. தொடங்குகிற இடத்தில் கூட்டுக்குள் இருத்திப் பட்டி எல்லாம் இறுக்கிக் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் கழுத்தைக்கூடத் திருப்ப ஏலாது. நான் வேலிக்கு வெளியே போக முதல், ஹெல்மெற்றுக்குள்ளிருந்து கேட்டான்.

"அண்ணை, தேசிக்காய் வைச்சாச்சோ?"

"ஓம், வைச்சிட்டன்" என்றேன்.

பொய். அதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணாடியை இறக்கிவிட்டானே, அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது.

பச்சை விளக்கு எரிந்தது. எல்லாக் காரும் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன, ஈசனுடையது மட்டும் ஒரு முழம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றி எறிந்தார். "எடடா!" என்று நானும் கத்தினேன், சாகப்போறியோ என்று கேட்ட அதே வாயால். ஈசன் ஓட வேண்டிய உள்பக்கத்தில் பின்னால் நின்ற ஒருத்தன் புகுந்தான். முதல் வளைவில் இன்னொரு கார் சறுக்கி வந்து அவனைச் சுவரோடு சேர்த்து அடித்தது, அதற்குமேல் இன்னும் இரண்டு ஏறின. சரிவில் இருந்த அத்தனை சனமும் எழுந்து நின்றது. அந்தப் பிள்ளையைக் கம்பி வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். உயிர் தப்பியது, இரண்டு காலும் போய்விட்டது. ஈசன் போயிருந்தால் அது ஈசன்.

வேலி பாய்ந்து ஓடினேன். கார் நின்ற இடத்திலேயே நின்றது, அவன் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"ஏன்ரா நிண்டனீ? கார் பழுதோ?"

"இல்லை அண்ணை. இடது பக்கம் என்னவோ நசிஞ்சுது. என்ரை கால் தானா பிறேக்குக்குப் போயிட்டுது."

பிறகுதான் விளக்கமாகச் சொன்னான். ட்ராக்டர் வெளிக்கிடும்போது காய் வைக்கிறது ராசன், ஸ்ரியறிங்கில் இருக்கிறது ஈசன். நசிந்த உடனே பிறேக் போட வேண்டும், ராசன் குனிந்து வடிவாக நசிந்திருக்கிறதா என்று பார்த்து "சரி, எடு" என்று சொன்ன பிறகுதான் எடுக்கலாம். அது தெரியாமல் ஒருநாள் எடுத்துப்போட்டு முதுகில் அடி வாங்கியவனாம். அந்தப் பழக்கத்தில்தான் போட்டியிலும் கால் பிறேக்கை மிதித்திருக்கிறது.

"நீங்கள் வைச்ச தேசிக்காய்தானே அண்ணை?"

பொக்கெற்றுக்குள் கை விட்டேன். நாலும் இருந்தன, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. குனிந்து இடது முன்சில்லைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், மஞ்சள் சேற்றுக்குள் ஒரு குரும்பட்டி நசிந்து கிடந்தது. தென்னையில் காய் முற்றாமல் உதிர்ந்து விழுமே, அதுதான். தோல் பச்சை, நசிந்த இடம் வெள்ளை, கையில் எடுத்தால் ஈரம், அந்தத் துவர் மணம்.

ஈசன் அதைக் கண்டதும் பட்டியைக் கழற்றாமலே அழத் தொடங்கினான். கடைசி மாதங்களில் தேசிக்காய்க்கு எங்கே போவது? ராசன் வழியில் கிடக்கிற குரும்பட்டி ஒன்றை எடுத்து வைப்பானாம். ஒன்றே ஒன்று, அதுவும் இடது முன்சில்லுக்கு மட்டும். "இது காணும், பிள்ளையார் கோவிக்க மாட்டார்" என்பானாம். இது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படிச் செய்திருப்பேன், சொல்லுங்கள்.

அடுத்த நாளே ரூ காயில் கடை கடையாக ஏறி இறங்கினேன். தேங்காய் வருகிறது, இளநீர் வருகிறது, வேப்பிலைகூட வருகிறது. குரும்பட்டி என்றதும் ஒரு கடைக்காரர், "அண்ணைக்கு என்ன, கழண்டிட்டுதோ? கூட்டி எறியிற சாமானை ஆர் பிளேனிலை ஏத்துறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈசன் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. குரும்பட்டி எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் காய்ந்து கறுத்துப்போய் இருக்கிறது. அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் அவன் ஒன்று கேட்டான். "உயிரோடை இருக்கிற ஆள் இப்பிடி வருமோ அண்ணை?" நான் காரை ஓட்டிக்கொண்டேயிருந்தேன். அம்மாவுக்கு எதுவும் சொல்வதில்லை என்று மட்டும் இரண்டுபேரும் முடிவு செய்தோம். ஈசன் கார் ஓடுகிற கதையே அம்மாவுக்குத் தெரியாது.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தா. குரலில் அப்படியொரு சந்தோசம். எத்தனையோ வருடமாக நான் கேட்காத குரல்.

"தம்பி, ராசன் கனவிலை வந்தவன்ரா. முழங்கால் வரைக்கும் மஞ்சள் சேறு. கால் கழுவத் தண்ணி கேட்டவன். எங்கடை பக்கம் எங்கை மோனை மஞ்சள் சேறு? வேறை எங்கையோ தூரத்திலைதான் பிள்ளை நிக்கிறான். உயிரோடை இருக்கிறான், என்ன?"

சார்செலில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் என் சப்பாத்து கிடந்தது. அந்தப் பாதையின் சேறு அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஓம் அம்மா" என்றேன்.