தேய்க்காத தகடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புத்தளத்தில் ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில், மிக நுண்ணிய அலுமினாத் தூள் கலந்த நீரைச் சூடேற்றும் தகட்டின்மேல் கொதிக்கவைத்துப் பரிசோதித்து வந்தேன். அந்த நீரில் தகடு கருகாமல் அதிக வெப்பத்தைத் தாங்கியது. அது நீரில் மிதக்கும் தூளின் வேலை என்று இரண்டு வருடம் பெருமையடித்தேன்.

ஒருநாள் வெறும் நீரிலும் தகடு அப்படியே தாங்கியது. உதவியாளர் ஃபரீதாமேல் மாணவர்கள் முன்னால் பாய்ந்தேன்.

“தண்ணிய மாத்தக்கூடத் தெரியாதா உங்களுக்கு?”

“மாத்தினேன் சேர். தகட்டத்தான் தேய்க்கல்ல. தேசிக்காய் முடிஞ்சு போச்சு.”

எங்கள் ஊர்த் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியும். வீடுகளில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, போட்டுத் தேய்ப்போம். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் தகட்டைத் தேய்க்கச் சொன்னவன் நான்தான்.

தேய்த்துவிட்டு மறுபடி வெறும் நீரை ஊற்றினேன். தகடு சீக்கிரமே சிவந்து கருகியது. கொதிக்கும்போது தகட்டில் படிந்த தூள்தான் நீரை அதோடு ஒட்டவைத்து அதைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டு வருடமாக விடையைத்தான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன், மடையன்!

மாலையில் மாணவர்கள் போகும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன்.

ஃபரீதா நிமிர்ந்து பார்த்தார். “ஏசக்குள்ள எல்லாரும் இருந்தாங்களே, சேர்.”

ஃபரீதாவின் கோபம் நியாயமான கோபம். என்னுடையது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.