மாடி மண்டபத்தில் கேட்ட ஏலம்

மைக்செட் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். கூட்டமோ ஆண்டு விழாவோ, வேனில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பாள். வேன் ஓட்டுவது வீட்டுக்காரர். ஆசை ஆசையாக வயர் இல்லாத மைக் ஒன்று வாங்கினாள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

மாடி மண்டபத்தில் ஒரு டீச்சருக்குப் பிரிவு உபசாரம். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா என்கூட இருந்த நீங்க..." என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கரோ ஆம்பளைக் குரலில், "கால் உடைஞ்ச பீரோ, ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கத்தியது. சபையே உருண்டு சிரித்தது. டீச்சருக்கு முகம் சுண்டிப் போச்சு. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கைத் தட்டினாள், ஊதினாள், அணைத்தே விட்டாள். அணைத்த பிறகு ஏலம் இன்னும் கணீரென்று கேட்டது!

கீழ் மண்டபத்தில் பழைய சாமான் ஏலமாம். சரி, கீழே கத்தினால் கீழேதானே கேட்கணும்? மாடியேறி இவள் பெட்டிக்குள் எப்படிப் புகுந்தது?

மண்டபத்து மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துலயும் இப்படி ஆச்சுன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." அந்த மண்டபம் போனால் பாதிப் பிழைப்பு போச்சு.

மைக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அங்கே அது சமர்த்துப் பிள்ளையாய்ப் பேசியது.

"நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"இங்க நடிக்குது தம்பி."

அவர் மேஜை நிறைய மைக்குகளைப் பரப்பினார். இது தூரம் போகும், அது தெளிவாகக் கேட்கும், இன்னொன்றில் சேனல் மாற்றலாம் என்றார். அவளுக்குத் தலை சுற்றியது.

"சேனல்னா டிவில மாத்துவோமே, அதுவா?"

"அது மாதிரிதான், ஆனா அது இல்ல."

கூட வந்த வீட்டுக்காரர் பச்சை விளக்கு எரிந்த ஒரு மைக்கைக் காட்டினார். "இது லட்சணமா இருக்கு."

"பொண்ணா பாக்க வந்தோம்? சும்மா இருங்க. தம்பி, அந்த ஏலக்காரர் எங்க வாங்கினார்?"

"இங்கதான். உங்க செட்டேதான்! இந்தத் தெருல எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க. நம்பிக்கையான சாமான்."

அவள் முழித்தாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பெட்டி. ஒன்றின் பேச்சு இன்னொன்றில் வருதோ? புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஆனால் பிடித்தால் பிடிதான் அவளுக்கு.

"யாருமே வாங்காததைக் குடுங்க."

கடைக்காரர் சிரித்தார். பரணிலிருந்து தூசி படிந்த வயர் மைக்கை இறக்கினார். வயர் பாம்புபோல் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளர் நின்ற இடத்தில் நிற்காத மனுஷர். இவள் மேடையோரம் குனிந்து, அவர் போகிற பக்கமெல்லாம் வயரை விட்டும் இழுத்தும் ஈடு கொடுத்தாள். கீழே கல்யாண மாப்பிள்ளையை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை.

மேனேஜர் வந்தார். "அடுத்த கூட்டமும் உங்களுக்குத்தான். ஆனா வயர் வேண்டாம்கா, அசிங்கமா இருக்கு."

"வயர் வந்தா நான் வருவேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, வந்து தொலைங்க" என்றார்.

வயரைச் சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "ஏங்க, அந்த ஏலக்காரர் குரல் எந்த வழியா ஏறி வந்திருக்கும்?"

"என்னைக் கேட்டா? வண்டில ஏறு."