சால்வையில் குத்திய ஊசி

கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகளின் கீழே ஒரு பேக்கரி இருக்கிறது. இன்று அங்கே வெனிலா மணந்ததும் என் வலது கை தானாக மூடிக்கொண்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, டிசம்பர் விடுமுறை வெயிலில், குவார்ட்டர்ஸ் புல்வெளியில், பெண்கள் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து பூத்தையல் போட்டபடி, ஒரு கப் மைதாவுக்கு அரை கப் தயிர் என்று முட்டையில்லாத கேக்கின் பக்குவத்தைப் பேசிக்கொள்வார்கள். பேச்சு முடிவதற்குள் யாராவது எழுந்து, ஊசியைச் சால்வையில் குத்திக்கொண்டு மாவு கலக்கப் போய்விடுவார்கள்.

அன்று போனவள் அம்மா. கேக் வெந்தபின் பார்த்தால் சால்வையில் ஊசி இல்லை.

"மாவுல விழுந்துடுச்சோ?" என்றாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "ஃபேங்க் தோ, பெஹன்ஜி" என்று தூக்கிப் போடச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. கேக்கைப் பொடிப்பொடியாக உதிர்த்து விரலால் தடவினாள்.

"பிள்ளைங்க யாரும் தொடாதீங்க. முதல்ல நான் தின்னு பாக்கறேன்."

கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டு, மெல்ல, மிக மெல்ல மென்றாள். எல்லோரும் அவள் தாடையையே பார்த்தார்கள்.

அவள் மாவு கலக்கும்போது, பொம்மைக்குச் சட்டை தைக்க நான் உருவிய ஊசி என் உள்ளங்கையில் இருந்தது. கடைசி வாயை அவள் விழுங்கும்வரை நான் கையைத் திறக்கவில்லை.